எறும்பு வராத வாசல்

எங்கள் தெருவுக்கு மண் அடித்தவர் தசரதன். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, காதில் செருகிய பீடி, ஒரு பழைய லாரி. லாரி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். சத்தத்துக்கும் முன்னால் நாற்றம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாற்றம் எங்கள் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். தெரியாது என்று இந்தத் தெருவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கீழ்க்கட்டளையில் நாங்கள் குடியிருக்கும் இடம் தசரதனுடைய அப்பா நெல் போட்ட நிலம். அவர் போனதும் பிள்ளைகள் மனை பிரித்து விற்றார்கள். தசரதன் தன் பங்கில் ஒரு மனையை மகள் கனகவல்லிக்கு என்று நிறுத்திக்கொண்டு, மீதியை விற்று லாரி வாங்கினார். "இத்தினி வருசம் மாட்டை ஓட்டுனேன். இது சாணி போடாது, அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

எண்பத்தைந்து நவம்பர் மழையில் ஏரி எது, மனை எது என்று தெரியாமல் போனது. நானும் என் வீட்டுக்காரரும் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். மனையைப் பார்க்க வந்தால் எல்லைக்கல் தண்ணீருக்குள் கிடக்கிறது. அதன் மேல் கொக்கு நிற்கிறது. கொக்கை வைத்துத்தான் எங்கள் மனையைக் கண்டுபிடித்தோம். மூன்றடி மண் அடிக்காமல் இங்கே வீடு கட்ட முடியாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

மற்ற லாரிக்காரர்கள் கேட்டதில் பாதிதான் தசரதன் கேட்டார். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதுமட்டுமல்ல, எங்கள் லே-அவுட்டில் மனை வாங்கியிருந்த பதினோரு பேரையும் பிடித்து, "எல்லாரும் இவர்கிட்டயே அடிச்சுக்கலாம், இன்னும் குறைப்பார்" என்று பேசி முடித்ததே நான்தான்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைக்கு முதல் லோடு மண் வந்து கொட்டியதும், அந்த வீட்டுப் பெண் குவியலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி அதன் மேல் வைக்க வேண்டும். மண்ணை வாசலில் நின்று வரவேற்பது மாதிரி. எண்பத்தாறு தை மாதம் காலை பத்து மணிக்கு நான் அதைச் செய்தேன். மண் சாம்பலும் நீலமும் கலந்த நிறம். நடுநடுவே வெள்ளைக் கட்டிகள். கையில் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்தேன்.

மண் நுரைத்தது.

பழத்தைச் சுற்றி வெள்ளையாக, சோடா பாட்டில் திறந்தது போல், புஸ்ஸென்று சின்னச் சத்தத்தோடு நுரை கிளம்பிக் குங்குமத்தைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னண்ணா இது?"

"பூமாதேவி சிரிக்கிறா பேபிம்மா" என்றார் தசரதன். "உன் கை ராசி. அடுத்த லோடு இட்டாரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த லோடு வந்தது.

வீடு கட்டினோம், உறை இறக்கிக் கிணறு தோண்டினோம், குடி வந்தோம். இரண்டு வருடம் ஒன்றுமில்லை. அதாவது, ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டோம். வைத்த முருங்கை பட்டுப் போனது. கறிவேப்பிலை ஜாண் உயரத்தில் நின்றுவிட்டது. தெரு நாய்கள் எங்கள் வீட்டு மண்ணில் படுப்பதில்லை, ரோட்டில் வெயிலில் படுத்துக் கிடக்கும். "சுத்தமா இருக்கு, பாருங்க" என்று வருகிறவர்களிடம் பெருமை வேறு.

எண்பத்தெட்டு மழை முடிந்து, ஒருநாள் காலையில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது. கலங்கல் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் மஞ்சள். மஞ்சள் தூளைக் கரைத்து வடிகட்டி ஊற்றியது போல. சோறு மஞ்சளாக வெந்தது. அடுத்த வீட்டு யூனிஸ் டீச்சர் தன் கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளைப் பட்டுப் புடவையை அலசி எடுத்தால், அது வேறு யாருடைய புடவையோ போல் இருந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் நகக்கண் ஓரத்தில் ஊசி குத்தினது போல் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. வலி இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து தசரதனை மறித்தோம். அவர் லாரியிலிருந்து இறங்கி, எங்கள் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தார். சொம்பில் மொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே முழுக்கக் குடித்தார்.

"இளநீ மாதிரி கீது. இதுக்கா இத்தினி பேஜாரு?"

"மஞ்சளா இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றேன்.

"ஏரித் தண்ணி அப்பிடித்தான் இருக்கும். நான் பொறந்ததுலருந்து இந்தத் தண்ணிதான். எனக்கு இன்னா ஆயிப்போச்சு?"

அன்றோடு விட்டிருக்கலாம். ஆனால் மனிதர் வீம்பு பிடித்தவர். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்துவிடுவார். கேட்காமலே கிணற்றங்கரைக்குப் போவார். வாளி இறங்கும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒரு சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீரை, நம்மைப் பார்த்தபடி, நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருப்பார். வாயைத் துடைப்பார், போய்விடுவார். இன்று யார் வீடோ என்று காலையில் எல்லோரும் வாளிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்போம். யூனிஸ் டீச்சர் வாளியையே உள்ளே எடுத்து வைத்தார். மறுநாள் அவர் கையில் சொந்த வாளி இருந்தது.

நாங்கள் மனு எழுதினோம். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து மண்ணையும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போனார். மூன்று மாதம் கழித்து வந்து, குரோமியம் என்றார். தோல் பதனிடும் இடத்துக் கழிவில் இருக்கும், குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, குளிக்காமல் இருந்தால் நல்லது என்றார்.

"யார் இதுக்குப் பொறுப்பு சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"மண்ணுல என்ன இருக்குன்னுதாம்மா எங்க பாட்டில் சொல்லும். யார் மண்ணுன்னு சொல்லாது. எங்கிருந்து எடுத்தாங்க, எங்கெங்க கொட்டினாங்கன்னு கொண்டுவந்தவர் ஒரு ஸ்டேட்மென்ட் கொடுத்தா கம்பெனி மேல கேஸ் போடலாம். அது இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

மண் வந்தது பல்லாவரம் பக்கத்துத் தோல் கம்பெனி ஒன்றிலிருந்துதான் என்பது தெருவுக்கே தெரியும். மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். "கழிவை அப்புறப்படுத்தச் சொல்லி லாரிக்காரங்ககிட்ட கொடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுது" என்றார். எந்த லாரி என்று கேட்டால், நிறைய லாரி என்றார். பஞ்சாயத்தில் கேட்டால், மண் அடிக்கும்போது எங்களைக் கேட்டா அடித்தீர்கள் என்றார்கள். தசரதனைக் கேட்டால், "நான் அங்கருந்து எடுத்தேன்னு எவன் பார்த்தான்?" எல்லார் விரலும் அடுத்தவரைக் காட்டியது. தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது.

ஆக, தசரதன் வாய் திறந்தால்தான் உண்டு. அவர் திறந்தால் அவர் மேலும் கேஸ் வரும், லாரி போகும், இதே தெருவில் வீடு கட்டிய மகளுக்கு மனை மதிப்பு போகும். அதனால் அவர் வாயைத் தண்ணீர் குடிக்க மட்டும் திறந்தார்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள், தெருக்கோடியில் இருக்கும் கனகவல்லி வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டுப் போனேன். அவள் வீட்டில் அது மரமாக நின்றது. அதையே நான் யோசித்திருக்க வேண்டும். வாசலில் அரிசி மாவுக் கோலம். கோலத்தின் ஒரு இதழ் பாதி காணவில்லை. குனிந்து பார்த்தேன். எறும்புகள். வரிசையாக, மாவை ஆளுக்கொரு துணுக்காகத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போகின்றன.

நான் ஏன் குனிந்தபடியே நிற்கிறேன் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஐந்து வருடமாக எங்கள் வாசலில் நான் எறும்பையே பார்த்ததில்லை. காலையில் போடும் கோலம், காலில் மிதிபட்டு அழிகிறதே தவிர, தின்னப்பட்டு அழிவதில்லை.

அன்று மத்தியானமே ஒரு அச்சு வெல்லத்தை உடைத்து, தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசல் மண்ணிலும் ஒரு துண்டு வைத்தேன். பைத்தியம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லட்டும். மூன்று நாள் போய்ப் பார்த்தேன். பதினோரு வீட்டிலும் வெல்லம் வெயிலில் உருகி, இறுகி, பளபளவென்று அப்படியே இருந்தது. ஒரு ஈ கூட இல்லை. கனகவல்லி வீட்டில் வைத்தது மட்டும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை எங்கள் வீட்டு முறை. தசரதன் வாளியோடு வந்தார். நான் அவரைக் கிணற்றங்கரைக்கு விடவில்லை. வாசலில் இருந்த வெல்லத்தைக் காட்டினேன். கூட்டிக்கொண்டு தெரு நீளம் நடந்தேன். ஒவ்வொரு வாசலாகக் காட்டினேன். கடைசியில் கனகவல்லி வீட்டு வாசல். அங்கே எறும்புகள் கோலத்தில் வேலையாக இருந்தன.

"உங்க பொண்ணு மனைக்கு எந்த மண்ணுண்ணா அடிச்சீங்க?"

அவர் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

உள்ளேயிருந்து கனகவல்லி வந்தாள். "எங்களுக்கு செம்மண்ணுக்கா. திருநீர்மலைப் பக்கத்துலருந்து நைனா இட்டாந்தாரு. இன்னாத்துக்கு கேக்கற?"

"உன் லோடு மேல எலுமிச்சம்பழம் வச்சியே, பொங்குச்சா?"

"பழம் எப்பிடிக்கா பொங்கும்?" என்று சிரித்தாள்.

நான் தசரதனைப் பார்த்தேன். "எறும்புக்குத் தெரிஞ்சது உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் மகளுக்கு வேற மண்ணு. அப்போ நாங்க யாரு, உங்களுக்கு?"

"எறும்புக்கு இன்னாம்மா தெரியும்" என்றார். வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தக் கிணற்றிலும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் ஸ்டேட்மென்டும் கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்டபோது அவர் மனைவி ஜெயக்கொடிதான் வெளியே வந்தார். "பொண்ணு முழுகாம கீது. கொஞ்சம் வுட்ருங்க" என்றார். எங்கள் தெருவில் யாருமே முழுகாமல் இல்லாதது போல.

அந்த வருட மழை நன்றாகப் பெய்தது. மழை விட்ட மூன்றாம் நாள் காலை, கனகவல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தாள். கீழே இறங்க முடியாது. வாசல் முழுக்க எறும்பு.

இரை தூக்கவில்லை. முட்டையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. சுவரிலிருந்து, படிக்கட்டின் விரிசலிலிருந்து, கறிவேப்பிலை மரத்தின் அடியிலிருந்து, விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு வரிசை கிளம்பி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, தார் ரோட்டைத் தாண்டிப் போகிறது. சத்தமே இல்லை. காம்பவுண்டுச் சுவரின் மேல் தசரதன் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

வரிசை தீர ஒரு மணி நேரம் ஆனது. கடைசி எறும்பும் போனதும் அவர் உள்ளே வந்து, மகளுடைய கிணற்றில் வாளியை விட்டார். இழுத்தார். எட்டிப் பார்க்கவே வேண்டாம், அவர் முகத்தில் தெரிந்தது. வாளித் தண்ணீர் மஞ்சள்.

மண்ணை மனைக்கு மனை வேறாக அடிக்கலாம். தண்ணீர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிற்குமா?

"நைனா" என்றாள் கனகவல்லி. "ஒரு வாரமா லேசா கலர் தெரிஞ்சிச்சு. நீ திட்டுவியேன்னு சொல்லல. குடிச்சிகினுதான் இருந்தேன்."

அவர் அந்த வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டே நேராக யூனிஸ் டீச்சர் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

"எழுதுங்க டீச்சர்" என்றார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கையெழுத்து மட்டும் போடுவேன்."

அடுத்த வாரம் ஆபீசர் வந்தார். தசரதன் தெருவில் முன்னால் நடந்தார், கையில் ஒரு குச்சி. ஒவ்வொரு மனையிலும் நிறுத்திக் குச்சியை ஊன்றினார். இங்கே நான்கு லோடு. இங்கே ஆறு. கம்பெனியின் பின்பக்க கேட், வாட்ச்மேன் ஒதுங்கி நிற்கும் நேரம், எல்லாம் சொன்னார். எங்கள் வாசலில் குச்சியை ஊன்றியபோது ஆபீசர் கேட்டார்.

"வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா, இது என்ன மண்ணுன்னு?"

தசரதன் என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

அப்படியே விட்டிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். எனக்குத்தான் நாக்கு அடங்காதே. "நாத்தம் வந்துது சார். எலுமிச்சம்பழம் வச்சேன், நுரைச்சுது. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். குறைஞ்ச விலைன்னு எல்லாரையும் சேர்த்துவிட்டதே நான்தான். அதையும் எழுதிக்குங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். ஆபீசர் எழுதினாரா என்று தெரியவில்லை.

கேஸ் போட்டார்கள். தசரதனின் லாரியைக் கொண்டுபோனார்கள். கம்பெனி வக்கீல் வாய்தா வாங்கினார். ஆபீசரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது என்று சொல்கிறார்கள். கனகவல்லியைக் கோவிலம்பாக்கத்தில் அவள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவள் திரும்பி வரவில்லை. பூட்டின வீடு பூட்டினபடி இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டு மாசியில் ஒருநாள் தசரதன் கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"எடுத்துடறேன் பேபிம்மா."

"எதை?"

"நான் போட்டதை."

"எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

முதல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கம்பெனிக்குப் போனார், கேட்டைச் சாத்தினார்கள். பஞ்சாயத்துக் குப்பை மேட்டுக்குப் போனார், அங்கே குடிசைக்காரர்கள் தடியோடு வந்தார்கள். அவர்கள் செய்தது சரி. கடைசியில் அந்த வண்டி அவருடைய சொந்த வீட்டு முற்றத்தில் கவிழ்ந்தது. இரண்டாவது வண்டியும். அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை. தோண்டுவார், தள்ளிக்கொண்டு போவார், தன் வாசலில் கொட்டுவார். அந்த இடத்தில் செம்மண் கொண்டுவந்து நிரப்புவார். காலையில் எங்கள் வீடு, மத்தியானம் டீச்சர் வீடு.

"இன்னா பாவி, உன் தலையிலயே கொட்டிக்கினு கீறியே!" என்று ஜெயக்கொடி தெருவுக்குக் கேட்கக் கத்துவார்.

"வேற எவன் தலையில கொட்டச் சொல்ற?" என்பார் இவர். கடப்பாரைச் சத்தம் நிற்காது.

இரண்டு வருடம் தோண்டினார். அவர் வீட்டு முற்றத்தில் குவியல் முதலில் ஜன்னலை மூடியது, பிறகு கதவின் பாதியை. உள்ளே போக ஒரு ஆள் அகலத்தில் சந்து விட்டிருந்தார். அதில் புல் முளைக்கவில்லை. மழையில் அது கரையும்போது சுவர் மஞ்சளாகக் கசியும். கையில் எனக்கு விழுந்தது போன்ற குழிகள் அவருக்கு மணிக்கட்டு வரை ஏறின. மூக்கில் ரத்தம் வரும், துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், "இந்த வாசலை முடிச்சுட்டு" என்பார். ஒன்று மட்டும் அவராலும் முடியவில்லை. வீட்டுக்கு அடியில் இருப்பதை எடுக்க முடியாது. அதன் மேல்தான் நாங்கள் பாய் விரித்துப் படுக்கிறோம்.

தொண்ணூற்று நான்கு பொங்கலுக்கு மறுநாள், தண்ணீர் லாரியில் பிடித்து வைத்த தண்ணீரைத் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனேன். அரை மணி கழித்து வந்தபோது கோலத்தின் ஒரு புள்ளி இல்லை. உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு.

ரோட்டில் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த தசரதனைக் கத்திக் கூப்பிட்டேன். "அண்ணா, இங்க வாங்க, வந்து பாருங்க!"

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். கோலத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். எறும்புகள் மாவைத் தூக்கிக்கொண்டு, அவர் புதிதாகப் போட்ட செம்மண் மேல் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.

"வந்துடுச்சு பேபிம்மா" என்றார். "வந்துடுச்சு பாரு."

சொல்லிக்கொண்டே வலது கையை அந்த வரிசைக்குக் குறுக்கே, ஏறிக்கொள்ளட்டும் என்று மல்லாத்தி வைத்தார். முதல் எறும்பு அவர் சுண்டுவிரலுக்கு அரை விரல்கடை முன்னால் வந்து நின்றது. மீசையை ஆட்டியது. பின்னால் வந்ததும் நின்றது. பிறகு வரிசை இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கையைத் தொடாமல், இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டுச் சுற்றிப் போய், அந்தப் புறம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. வெயில் ஏறும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. எறும்புகள் அதைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன.